ஃபைன் என்றால் எவ்வளவு நல்லது?

அன்பு மகளுக்கு,

புதிதாகச் சேர்ந்தவரின் அறிக்கைக்கு ‘யுவர் ரிப்போர்ட் இஸ் ஃபைன்’ என்று பதில் போட்டாயாம், அவருக்கு மனசு சுருங்கிவிட்டதாம். நீ பாராட்டத்தான் நினைத்தாய். அந்தச் சொல் நின்ற இடம்தான் காலை வாரிவிட்டது.

ஃபைன் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தால் பெரும்பாலும் உயர்வு. ‘ஷி இஸ் எ ஃபைன் டாக்டர்’ என்றால் தொழிலில் கெட்டிக்காரர். ‘இஸ்’ஸுக்குப் பின்னால் தனியாக நின்றால் ‘பரவாயில்லை, குறை இல்லை’ என்ற அளவுக்கு இறங்கிவிடும். ‘த டாக்டர் இஸ் ஃபைன்’ என்பதில் அவருடைய திறமையைப் பற்றிய பேச்சே இல்லை, அவர் நலமாக இருக்கிறார், அவ்வளவுதான். வேலையைப் பாராட்டும்போது எக்ஸலன்ட், ரியலி குட் என்று எழுது. எந்தப் பகுதி பிடித்தது என்றும் ஒரு வரி சேர்த்துவிடு, அதுதான் மனதில் நிற்கும்.

‘ஐ ஆம் வெரி ஃபைன்’ வேண்டாம்மா. நலம் என்ற பொருளில் ஃபைனோடு வெரி ஒட்டாது. அழுத்திச் சொல்ல ‘பெர்ஃபெக்ட்லி ஃபைன்’ அல்லது ‘அப்சொலூட்லி ஃபைன்’. நேற்றைவிட இன்று தேவலை என்பதற்கும் ஃபைனர் வராது, பெட்டர்தான். ஆனால் மெல்லிய, நுண்ணிய என்ற பொருளில் வெரி, ஃபைனர், ஃபைனஸ்ட் எல்லாமே தாராளமாக வரும்: வெரி ஃபைன் பவுடர், எ ஃபைனர் த்ரெட். ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் ஒளிந்திருக்கும் நிபந்தனைகளை ஃபைன் பிரிண்ட் என்பதும் இந்த வழியில் வந்ததுதான்.

யாராவது ‘இன்னும் கொஞ்சம் வேண்டுமா?’ என்று கேட்கும்போது ‘ஐ ஆம் ஃபைன்’ என்றால், வேண்டாம் என்று அர்த்தம். சரி என்று தலையாட்டுவதாக நினைத்து அதைச் சொன்னால் தட்டு நகர்ந்துவிடும். வேண்டுமென்றால் ‘யெஸ், ப்ளீஸ்’. ஒரு யோசனைக்குச் சம்மதம் சொல்ல ‘ஐ ஆம் ஃபைன் வித் தட்’. அந்த ‘வித்’ விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்.

குறுஞ்செய்தியில் ‘ஃபைன்’ என்று ஒற்றைச் சொல்லைப் போட்டு முற்றுப்புள்ளியும் வைத்தால், கோபத்தோடு ஒப்புக்கொண்டதுபோல் படும். நேரில் குரல் அதைச் சரிசெய்துவிடும், எழுத்தில் குரல் கிடையாது. ‘தட்ஸ் ஃபைன், தேங்க்யூ’ என்றால் சுருக்கென்று படாது, ‘சவுண்ட்ஸ் குட்’ இன்னும் இதமாக இருக்கும்.

முதலில் சொன்ன விதிக்கு ஒரு விலக்கும் உண்டு. ‘எ ஃபைன் மெஸ்’ என்று யாராவது சொன்னால், பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தும் அது பாராட்டு இல்லை. ‘நல்ல லட்சணம்!’ என்று நாம் சலித்துக்கொள்வோமே, அதேதான்.

அன்புடன்,
அம்மா