கண்ணாடியைத் தூக்கி எறியச் சொன்ன கட்டுரை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார இணைப்பில் கண் பாதுகாப்புக் கட்டுரை படித்தேன். 'தினமும் இரண்டு கேரட் சாப்பிட்டு வந்தால் கண்ணாடியைத் தூக்கி எறிந்துவிடலாம்' என்று ஒரு வரி. பக்கத்திலேயே கட்டுரையாளரின் படம், தடித்த கண்ணாடியோடு. அவர் ஊரில் கேரட் கிடைப்பதில்லை போலும்.

நான் அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஒன்பது மாதத்தில் ஒரு மில்லி, அப்புறம் ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இரண்டு மில்லி என்று நர்சம்மா வைட்டமின் ஏ திரவம் ஊற்றும்போது, துப்பப் பார்க்கிற பிள்ளைகளை மடியில் வைத்துச் சமாதானப்படுத்தியவள். விழியின் வெள்ளையில் சோப்பு நுரை ஒட்டினாற்போல் திட்டு வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பொழுது சாய்ந்தால் சுவரைத் தடவிக்கொண்டு நடக்கும். அந்த மாலைக்கண்ணுக்குத்தான் கேரட்டும் கீரையும். கிட்டப்பார்வை பெரும்பாலும் விழி நீண்டு போவதால் வருகிறது. நாற்பதைத் தாண்டினால் கிட்டத்து எழுத்து மங்குவது உள்ளிருக்கும் லென்ஸ் விறைத்துப்போவதால். இதற்கெல்லாம் கேரட் என்ன செய்யும்? தங்களுக்குத் தெரியாததா!

அதுவும் எப்போது பார்த்தாலும் கேரட். கொல்லையில் முருங்கை நிற்கிற ஊரில், அந்தக் கீரையைக் கொஞ்சம் எண்ணெய் விட்டு வதக்கினால் சத்து உடம்பில் சேரும் என்று ஒரு வரி எழுதக் கூடாதா? கீரைக்காரம்மா விளம்பரம் தரமாட்டார் என்பது வேறு விஷயம்.

என் தம்பி சர்க்கரை நோயாளி. முன்பு உங்கள் இதழில் வந்த இதே மாதிரிக் குறிப்பை வெட்டி பிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருந்தான். காலையில் கேரட் ஜூஸ், அதில் சர்க்கரை வேறு. பார்வை நன்றாகத்தானே இருக்கிறது என்று கண் டாக்டரிடம் போகவில்லை. விழித்திரை கெடுவது ஆரம்பத்தில் தெரியாது, வலிக்காது. ஒருநாள் கண்ணுக்குள் கறுப்பு நூல்கள் மிதக்கின்றன என்றான். உள்ளே ரத்தக்கசிவு. லேசர் வைத்து மிச்சத்தைக் காப்பாற்றினார்கள், போனது போனதுதான். சர்க்கரை உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்க வேண்டும் என்று உங்கள் இரண்டு பக்கக் கட்டுரையில் எங்கே இருக்கிறது? சிகரெட்டை விடச் சொல்லி ஒரு வார்த்தை உண்டா?

கண்ணில் தேன் விடச் சொல்லி நீங்கள் போட்டபோதும் எழுதினேன். என் கடிதம் வரவில்லை. அட்டைப்பட நடிகையைப் பாராட்டிய கடிதம் வந்தது. நல்லது.

சரி, இதையும் போட வேண்டாம். ராசிபலன் பக்கத்தின் மூலையிலாவது அந்த விழித்திரைப் பரிசோதனையைப் பற்றி இரண்டு வரி போடுங்கள். எழுத்தையும் கொஞ்சம் பெரிதாக்குங்கள். மஞ்சள் பின்னணியில் வெள்ளை எழுத்தாக இருந்த கடைசிப் பத்தியைப் பக்கத்து வீட்டுப் பையன்தான் எனக்குப் படித்துச் சொன்னான்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
திருவாரூர் மாவட்டம்.