துருவின் மேல் வெல்டிங் வைத்துவிட்டு உப்புக்காற்றின் மேல் பழி போடுவது குறித்துப் புகார்

அனுப்புநர்:
மீன் வியாபாரி,
தங்கச்சிமடம், இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
பொது மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, தலைமை அலுவலகம்.

பொருள்: மினி சரக்கு வண்டியின் சைலன்சர் குழாய்க் கசிவைச் சரிவரப் பழுதுபார்க்காதது, கட்டணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா,

வணக்கம். தங்கள் நிறுவனத்தின் பெட்ரோல் மினி சரக்கு வண்டியை மீன் ஏற்றுவதற்காக வைத்திருக்கிறேன். பாம்பனிலும் மண்டபத்திலும் ஏலத்தில் எடுக்கும் நண்டையும் மீனையும் இராமநாதபுரம், பரமக்குடி சந்தைகளுக்குக் கொண்டுசேர்ப்பதுதான் அதன் வேலை. சைலன்சர் முன்குழாயில் புகை கசிந்ததால், மீன்பிடித் தடைக்காலத்தில் இராமநாதபுரத்திலுள்ள தங்கள் அங்கீகாரம் பெற்ற பணிமனையில் வண்டியை விட்டேன். ஜூன் 15-ல் தடை நீங்கிப் படகுகள் கடலுக்குப் போகும்போது வண்டி தயாராக இருக்க வேண்டும் என்று சொல்லியே விட்டேன். பழுதான பகுதியை வெட்டி எடுத்துப் புதுக்குழாய் வைத்து வெல்டிங் செய்ததாக ரசீது எழுதி, 3,800 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். நகலை இணைத்திருக்கிறேன். 'வெட்டி எடுத்து' என்று அதில் எழுதியிருப்பதைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

படகுகள் இறங்கிய கொஞ்ச நாளிலேயே பழைய சத்தம் திரும்பிவிட்டது. முதலில் காலையில் வண்டியைக் கிளப்பும்போது மட்டும் கேட்டது. பிறகு ஐஸ் பெட்டிப் பாரத்தோடு பாம்பன் சாலைப் பாலத்தின் ஏற்றத்தில் ஏறும்போதெல்லாம் படபடவென்று அடித்தது. சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளலாம், புகையைப் பொறுக்க முடியாது. இந்த வண்டியில் என்ஜின் இருக்கைக்கு அடியில் இருக்கிறது என்பது அதைச் செய்த உங்களுக்குத் தெரியாததல்ல. மழைக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓட்டிவந்த டிரைவர், தலைவலியும் கிறுகிறுப்புமாக உச்சிப்புளியில் வண்டியை ஓரங்கட்டிவிட்டார். பெட்ரோல் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாகப் பற்றிக்கொள்ளும். ஓட்டுபவருக்குத் தூக்கம் வருவது போலத்தான் இருக்கும். பாலத்தின் நடுவில் அந்தத் தூக்கம் வந்திருந்தால் இந்தக் கடிதத்தை நான் வேறு அலுவலகத்துக்கு எழுதிக்கொண்டிருப்பேன்.

வண்டியை மறுபடி பணிமனைக்குக் கொண்டுபோனோம். மேலாளர் கீழே குனிந்துகூடப் பார்க்கவில்லை. "கடற்கரை ஓட்டம், உப்புக்காற்று, போதாததற்கு ஐஸ் தண்ணீர் சொட்டுகிறது. இரும்பு எப்படி நிற்கும்? இதற்கு நாங்கள் பொறுப்பில்லை" என்று முடித்துவிட்டார். உப்புக்காற்றைப் பற்றி இராமேசுவரம் தீவில் இருப்பவனுக்கு அவர் பாடம் எடுக்கத் தேவையில்லை. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் 1914-ல் திறந்த இரும்பு ரயில் பாலம் ஒன்று கடலுக்குள்ளேயே நின்றது. 2022 டிசம்பரில் போக்குவரத்தை நிறுத்தும் வரை நூறு ஆண்டுக்கு மேல் ரயிலைத் தாங்கியது. துருவைச் சுரண்டி, பெயின்ட் அடித்து, இற்றுப்போனதை மாற்றிக்கொண்டே இருந்ததால் தாங்கியது. துருவைச் சுரண்டாமல் மேலே மட்டும் பெயின்ட் அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்குத் தங்கள் பணிமனையின் வேலையே சாட்சி.

அந்தச் சாட்சியைக் கண்ணால் பார்த்தது மண்டபத்தில் ஒரு சிறிய வெல்டிங் பட்டறையில். பட்டறைக்காரர் புகை வெளியேறும் கடைசிக் குழாயான டெயில் பைப்பைத் துணியால் அடைத்துவிட்டு, வண்டியை ஓடவிட்டு, வெல்டிங் வைத்த இடத்தில் சோப்புத் தண்ணீரைத் தெளித்தார். வெல்டிங் தையல் நெடுகிலும் நுரை பொங்கியது. அந்த இடத்தைச் சுற்றி வெள்ளிநிறப் பெயின்டை மீறிக் கரிக்கோடுகள் படிந்திருந்தன. பெயின்டைச் சுரண்டினால் உள்ளே எதையும் வெட்டிய அடையாளமே இல்லை. பழைய ஓட்டையின் மேல் ஒரு தகட்டை வைத்து, துருவோடு துருவாகச் சுற்றிப் பற்றவைத்திருக்கிறார்கள். தையலில் குண்டூசித் தலை அளவுக்குப் பொத்தல்கள். ஓரத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து ஒரு தட்டுத் தட்டினார், குழாய்க்குள் இறங்கிவிட்டது. துருவின் மேல் வெல்டிங் பிடிக்காது, உள்ளே காற்றுக்குமிழ் நிற்கும் என்பதும், மெல்லிய குழாயில் தடித்த ராடைக் கூடுதல் கரண்டில் ஓட்டினால் இருக்கிற ஓட்டைக்குப் பக்கத்தில் புது ஓட்டை விழும் என்பதும் அந்தப் பட்டறையில் வேலை பழகும் பையனுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது.

அவர் செய்த வேலையையும் சொல்கிறேன். தங்கள் பணிமனைக்குப் பயன்படும். முதலில் பேட்டரியின் நெகடிவ் வயரைக் கழற்றினார். குழாயைக் கீழே இறக்கி, கனமான இரும்பு வரும் வரை இரண்டு பக்கமும் வெட்டினார். முனைகளைக் கிரைண்டரில் பளபளவென்று தேய்த்து, அதே விட்டமுள்ள துண்டை வைத்து, அங்கங்கே புள்ளி வைத்து நிறுத்தி, வளைவு சரியாக இருக்கிறதா என்று வண்டியில் பொருத்திப் பார்த்த பிறகுதான் முழுத் தையலையும் மிக் வெல்டிங்கில் (கம்பி தானாக வந்துகொண்டே இருக்கும் வெல்டிங்) ஓட்டினார். குழாயை இணைக்கும் விளிம்பான ஃபிளாஞ்சில், கசியாமல் அடைக்கப் புது கேஸ்கெட். மறுபடி சோப்புத் தண்ணீர், இப்போது நுரை இல்லை. தங்கள் கட்டணத்தில் பாதிகூட அவர் வாங்கவில்லை.

தங்கள் பணிமனையில் வண்டிக்கு அடியில் வைத்தே, பேட்டரியைக் கழற்றாமல் வெல்டிங் வைத்ததை என் டிரைவர் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். அன்றிலிருந்து டேஷ்போர்டில் என்ஜின் விளக்கு எரிகிறது, மைலேஜும் குறைந்துவிட்டது. புகையிலுள்ள ஆக்சிஜனை அளக்கும் சென்சாருக்கு முன்னால் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே போய், பெட்ரோல் போதவில்லை என்று சென்சார் தவறாகச் சொல்லி, என்ஜின் கூடுதலாகக் குடிக்கும் என்றார் பட்டறைக்காரர். ஆனால் கசிவு நின்ற பிறகும் விளக்கு அணையவில்லை. வெல்டிங் கரண்டில்தான் சென்சார் போனது என்று நான் சாதிக்கவில்லை. சோதித்துச் சொல்ல வேண்டியது தங்கள் பொறுப்பு, அதுவும் வேறு பணிமனையில், கட்டணம் இல்லாமல்.

வாங்கிய 3,800 ரூபாயையும், மண்டபத்தில் நான் கொடுத்த தொகையையும் தர வேண்டும். செய்யாத வேலைக்கு ரசீது எழுதியது யார் என்பதற்கு எழுத்தில் விளக்கம் வேண்டும். சீசனில் வாடகை வண்டி வைத்துச் சரக்கு ஏற்றிய செலவை இப்போதைக்குக் கேட்கவில்லை. 15 நாளில் பதில் வராவிட்டால் அதையும் சேர்த்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கேட்பேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தலைமை அலுவலகம் எங்கே இருந்தாலும் நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம்.

வெட்டி எடுத்த குழாய்த் துண்டு, தங்கள் தகடும் பெயின்டும் ஒட்டியபடியே, என்னிடம் பத்திரமாக இருக்கிறது. தபாலில் அனுப்ப மாட்டேன். பார்க்க வேண்டுமென்றால் பொறுப்பான ஒருவரைத் தங்கச்சிமடத்துக்கு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், குழாயின் புகைப்படங்கள், மண்டபம் பட்டறையின் ரசீது.