சமந்தாவின் நோயைப் பற்றி எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் சினிமா பக்கத்தில் நடிகை சமந்தாவின் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, முகக்களை போய்விட்டதா என்று கேட்டிருந்தீர்கள். பார்த்ததும் மனசு கொதித்துவிட்டது. அவருக்கு வந்த மயோசிடிஸ்தான் எனக்கும். பேரணாம்பட்டில் ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பகுதி, தைக்கிறவள் நான்.

உடம்பின் எதிர்ப்பு சக்தியே தசைகளைத் தாக்குகிற நோய் இது. தொற்று நோய் இல்லை. பெரும்பாலும் தோள், இடுப்பு, தொடை இவைதான் முதலில் பலமிழக்கும். எனக்குத் தலை வார முடியாமல் போனது. சீப்பு காதுவரை போகும், அதற்கு மேல் கை ஏறாது. இன்னொரு கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டு வாருவேன். கம்பெனி பஸ்ஸில் கம்பியைப் பிடித்து உடம்பை இழுத்துத்தான் படி ஏற வேண்டும். தரையில் உட்கார்ந்துவிட்டால் தூக்கிவிட ஆள் வேண்டும். ஆனால் பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. சூப்பர்வைசர் வேலைக்கு டிமிக்கி என்றார். வீட்டில் ரத்தம் குறைவு என்று பேரீச்சம்பழம் வாங்கிக் கொடுத்தார்கள். தெருமுனை டாக்டர் சத்து ஊசி போட்டார். அப்புறம் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் ரத்தத்தில் சி.பி.கே. என்ற தசை நொதியின் அளவைப் பார்த்து, தசையில் துளி எடுத்துச் சோதித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது.

அதற்குப் பிறகும் யாருக்கும் விளங்கவில்லை. 2022 அக்டோபரில் சமந்தா தன் நோயை வெளியே சொன்னார். கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்க, 'யசோதா' படத்துக்கு டப்பிங் பேசிய போட்டோவையும் போட்டார். அன்றிலிருந்துதான் எங்கள் தெருவில் என்னை நம்பினார்கள். 'அந்தப் பொண்ணுக்கு வந்ததுதானா உனக்கும்?' என்று பக்கத்து வீட்டு அக்கா வந்து கையைப் பிடித்துக்கொண்டார். அந்த ஒரு போட்டோவுக்காக நான் அவருக்கு எப்போதும் கடன்பட்டவள்.

பத்திரிகைகள் என்ன செய்தன? உயிருக்கே ஆபத்து என்று தலைப்பு போட்டன. நான் இன்னும் சாகவில்லை, இந்தத் தலைப்புகள் தேவையா என்று அவரே பேட்டியில் கேட்க வேண்டியிருந்தது. 2023 ஜனவரியில் அழகு போய்விட்டது என்று ஒருவர் எழுதியபோது, 'என்னைப் போல மாதக்கணக்கில் சிகிச்சை எடுக்கிற நிலை உங்களுக்கு வரக்கூடாது' என்று சமந்தா பதில் சொன்னார். எவ்வளவு நல்ல மனசு! எங்களில் பலருக்குத் தருவது ஸ்டீராய்டு. அதைச் சாப்பிட்டால் முகம் உப்பும், தூக்கம் போகும். கண்ணாடியைப் பார்க்கவே பிடிக்காது.

அவருக்குப் பணம் இருக்கிறது, ஓய்வெடுக்கலாம் என்பார்கள். சரி, இருக்கட்டும். எங்களுக்கு ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டில் சாதாரண நோய்க்கு வருடத்தில் 91 நாள் வரைதான் பணம் கிடைக்கும், அதுவும் சம்பளத்தில் 70 சதவீதம். ஆனாலும் படி ஏறும்போது கால் நடுங்குவது பணம் இருப்பவர்களுக்கும் ஒன்றுதான். அப்படியிருந்தும் அவர் திரும்பி வந்து, 2024-இல் சண்டைக் காட்சிகள் நிறைந்த வெப் தொடரில் நடித்தார். அதைப் பற்றி நாலு வரி எழுதியிருக்கலாமே.

இனி அவர் படத்தைப் போடும்போது, இந்த நோயின் அறிகுறிகளையும் ஒரு சின்னப் பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். எந்த டாக்டரிடம் கேட்க வேண்டும் என்பதையும் சேருங்கள். மூட்டு, தசை நோய்களைப் பார்க்க வாத நோய் நிபுணர் என்று ஒருவர் இருப்பதே பலருக்குத் தெரியாது. சிலருக்குச் சோறு விழுங்கவும் கஷ்டமாக இருக்கும். அதை வயிற்றுக் கோளாறு என்று விட்டுவிடுகிறார்கள், அதையும் மறக்காமல் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பேரணாம்பட்டு, வேலூர் மாவட்டம்.