கண்ணாடி, தண்ணீர், எர்த்: காரைக்குடியிலிருந்து ஒரு நன்றி மடல்

எங்கள் ஐயா இந்த மாதம் பணி நிறைவு பெறுகிறார். ஃபெரோசின் என்ற இரும்புச் சேர்மம் கோத்த மூலக்கூறுகளைத் தங்கத்தின் மேல் ஒற்றை அடுக்காகப் படியவைத்து, அவை எலக்ட்ரானைக் கொடுத்து வாங்குவதை அளப்பதே அவருடைய வாழ்நாள் வேலை. ஆய்வுக் கட்டுரைகளின் கடைசியில் ‘தொழில்நுட்ப உதவிக்கு நன்றி’ என்ற ஒரு வரிக்குள் அடங்கிப்போனவர்களுக்கு இந்த மடல்.

கண்ணாடி ஊதித் தந்த அண்ணனுக்கு முதல் வணக்கம். மூன்று மின்முனைக்கும் கேஸ் குழாய்க்கும் வாய் வைத்த 10 மில்லி கலம் பார்வைக்கு எளிதுதான். ஆனால் மின்னழுத்தத்தை ஒப்பிட்டு அளக்க உதவும் ஒப்பீட்டு மின்முனையின் நுனி, வேலை நடக்கும் மின்முனையை விட்டு விலகிவிட்டால் நடுவிலுள்ள கரைசலின் மின்தடை அளவில் ஏறிவிடும். கரைசலில் கரைந்திருக்கும் மூலக்கூறின் ஒரு எலக்ட்ரான் மாற்றத்துக்கு 25 டிகிரியில் 59 மில்லிவோல்ட்டை ஒட்டி வரவேண்டிய முகடு இடைவெளி (வரைபடத்தின் இரண்டு மின்னோட்ட முகடுகளுக்கு நடுவிலுள்ள தூரம்), அசெட்டோநைட்ரைல் என்ற கரிமக் கரைப்பானில் 100-ஐத் தாண்டும். அதைப் பார்த்துவிட்டு ‘எலக்ட்ரான் மெதுவாக நகர்கிறது’ என்று எழுதினால் முடிவே பிழை. நீங்கள் அந்த நுனியை ஓரிரு மில்லிமீட்டருக்குள் கொண்டுவந்து வளைத்தீர்கள். நுண்துளைக் கண்ணாடி வைத்த இரட்டைக் குழாயும் உங்கள் கைவேலை. அது இல்லாமல் பொட்டாசியம் குளோரைடு நிரப்பிய மின்முனையைப் பெர்குளோரேட் கரைசலில் நேரே இறக்கினால், பொட்டாசியம் பெர்குளோரேட் கரையாமல் துளையிலேயே படிந்து அடைத்துக்கொள்ளும்.

தண்ணீர் வடித்துத் தரும் அக்காவுக்கு: முற்றத்து மழையை அண்டாவில் பிடித்துவைத்த வீடுகள் உள்ள ஊர் இது, தண்ணீரின் தரம் பற்றி உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தங்கத்தை 0.5 மோலார் சல்பூரிக் அமிலத்தில் மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கிச் சுழற்சி ஓட்டிச் சுத்தம் செய்யும்போது குளோரைடு கொஞ்சம் கலந்திருந்தாலும் தங்கம் கரையத் தொடங்கும். குடுவை அலசிய நீரில் வெள்ளி நைட்ரேட் ஒரு சொட்டு விட்டு, கலங்கல் நிற்கும்வரை நீங்கள் விட்டதில்லை. அப்படிச் சுத்தமான தங்கத்தை ஃபெரோசின் கோத்த தயோலின் (தங்கத்தைப் பற்றிக்கொள்ளும் கந்தக முனை உள்ள மூலக்கூறு) 1 மில்லிமோலார் கரைசலில் ஓரிரவு ஊறவைத்தால்தான், நெருங்கி அடுக்கிய ஃபெரோசினுக்குரிய சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 4.5 × 10⁻¹⁰ மோல் கணக்கு நம்பும்படி வரும்.

மின்முனைக்குப் பாலிஷ் போடும் வேலையைப் பார்த்த தம்பிக்கும் கடன்பட்டிருக்கிறோம். அலுமினாத் தூள் 1, 0.3, 0.05 மைக்ரான் என்று இறங்கு வரிசை, ஒவ்வொன்றுக்கும் தனித் துணி. துணி மாறினால் பெரிய துகள் கீறி, அதுவரை செய்த வேலை வீண்.

எலக்ட்ரீசியன் அண்ணே, சித்திரை வெயிலில் செம்மண் காய்ந்து எர்த்தின் மின்தடை ஏறும் என்று கரியும் உப்பும் போட்ட குழிக்கு மறக்காமல் தண்ணீர் ஊற்றினீர்கள். கருவிக்கும் வெளி மின் இரைச்சலைத் தடுக்கும் உலோகக் கூண்டுக்கும் ஒரே புள்ளியில் எர்த் கொடுத்தீர்கள். இரண்டு இடத்தில் கொடுத்தால் வளையம் உண்டாகி 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வரைபடத்தில் ஏறும், நானோஆம்பியர் அளவு அதில் மூழ்கிவிடும்.

நைட்ரஜன் சிலிண்டர் தள்ளிவந்தவர்களுக்கும் நன்றி.

இந்த ஊரில் மின்வேதியியல் வேரூன்ற, மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரிக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்த வள்ளல் அழகப்பரை இந்த நேரத்தில் வணங்குகிறோம். 1948 ஜூலை 25-இல் அதற்கு நேரு அடிக்கல் நாட்டினார்.

பணி நிறைவு நாளன்று முன்வரிசை நாற்காலிகள் உங்களுக்குத்தான். குடும்பத்தோடு வாருங்கள், மதியச் சாப்பாட்டுக்கு இருந்துதான் போக வேண்டும். இது ஐயாவின் சொல்.

இப்படிக்கு,
ஆய்வு மாணவர்கள், காரைக்குடி