எந்தக் கட்டத்தில் என் மகனை எழுதுவீர்கள்?

நம் சபையை நடத்தும் சேகர கமிட்டியாருக்கும் போதகர் ஐயர் அவர்களுக்கும் ஸ்தோத்திரம்.

போன மாதம் சபை அங்கத்தினர் பதிவேடு திருத்தியபோது நடந்தது உங்கள் எல்லாருக்கும் தெரியும். மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பேர் இருந்தீர்கள். ஆனாலும் அந்த ஒரு கேள்வியை மட்டும் இங்கே எழுதிவைக்கிறேன்.

"சார்வாள், பதினாலு வருஷமா ஆளு கண்ணுலயே படல. குறிப்புல 'இறந்தவர்'னு போடவா, 'சபை மாறியவர்'னு போடவா? ஏதாவது ஒண்ணு போட்டாத்தான் கணக்கு முடியும்."

கேட்ட தம்பி நல்ல பையன். மூன்றாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். வன்மமாகக் கேட்டிருந்தால் நானும் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். அவனோ பேனா மூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ரேஷன் கடையில் சர்க்கரையா பருப்பா என்று கேட்கிற மாதிரி கேட்டான். நான் வாயடைத்து நின்றேன். என் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு என் இளைய மகன் பெயர்மேல் சிவப்பு மையில் கோடு இழுத்தீர்கள். நான் சொல்லிக்கொடுத்த கையெழுத்து. கோடு நேராகத்தான் இருந்தது.

என் மகன் சாகவில்லை. சபை மாறியதாகவும் அவன் எழுதித் தரவில்லை. அவன் பெயரை இருந்த இடத்திலேயே திரும்ப எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

சந்தா பாக்கி என்று யாரும் சொல்ல முடியாது. என் வீட்டுக்காரி இருந்தவரை மாதாமாதம் அவன் பங்கை நார்ப்பெட்டியில் தனியாக எடுத்துவைப்பாள். ஸ்தோத்திரப் பண்டிகைக்கு அவன் பெயரில் ஒரு கோழி கொண்டுபோவாள். காணிக்கை ஏலத்தில் அதை அவளே விலையேற்றி எடுத்து வருவாள். அப்போதெல்லாம் நான் கேலி செய்வேன். அவள் அடக்கமாகி மூன்று வருஷமாகிறது. இப்போது சந்தாவும் கோழியும் என் பொறுப்பு.

அவன் ஏன் போனான் என்பது ஊருக்கே தெரியும். வேறு சாதியில் பெண் எடுத்தான். அவளும் ஞானஸ்நானம் பெற்றவள்தான், பைபிளோடுதான் வந்தாள். இரண்டு பேரையும் வாசலிலேயே நிறுத்தி, "என் சாவுக்கும் வராதே" என்று சொன்னது நான். மறுநாள் கோயில் வாசலில் என் கையைப் பிடித்து, "சார்வாள், சரியாத்தான் செஞ்சீங்க" என்று குலுக்கியவர்கள் இந்தக் கமிட்டியிலும் இருக்கிறார்கள். யாரென்று நான் எழுத மாட்டேன். அவர்களுக்கே ஞாபகம் இருக்கும்.

அதனால், வீட்டை விட்டுப் போய்த் திருந்தித் திரும்புகிற கெட்ட குமாரன் உவமைப் பிரசங்கம் வருகிற ஞாயிறுகளில் பாதிச் சபை என்னைத் திரும்பிப் பார்க்க வேண்டாம். உவமையில் புத்தி தெளிந்தவன் மகன். எங்கள் வீட்டில் புத்தி தெளிய வேண்டியிருந்தது அப்பனுக்கு. அவனை மன்னிக்க நான் காத்திருக்கவில்லை. அவன் மன்னிப்பானா என்றுதான் காத்திருக்கிறேன். மூன்று கடிதம் போட்டேன். பதில் இல்லை. ஆனால் ஒன்றும் திரும்பியும் வரவில்லை. அந்த விலாசத்தில் யாரோ கை நீட்டி வாங்குகிறார்கள். எனக்கு இப்போதைக்கு அது போதும்.

வாத்தியார் புத்தி, பழங்கதை சொல்லாமல் முடியாது. பாளையங்கோட்டை சபைக்கு 1780-இல் எழுதிய முதல் பதிவேட்டில் 40 பேர். முதல் பெயர் கிளாரிந்தா. ஆங்கில அதிகாரி ஒருவரோடு கல்யாணமாகாமல் வாழ்கிறாள் என்று மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்த பெண். அந்த அதிகாரி இறந்தபின் 1778-இல் அதே ஐயர்தான் ஞானஸ்நானம் கொடுத்தார். 1785-இல் அவள் கட்டிய கோயில் இன்றும் நிற்கிறது. முதலில் மறுத்ததோடு கணக்கை முடித்திருந்தால் திருநெல்வேலிச் சீமையின் ஏட்டில் முதல் வரிக்கு யாரை எழுதியிருப்பார்கள்? 1799-இல் கிறிஸ்தவர்களானதற்காக விரட்டப்பட்டவர்களுக்கென்று நிலம் வாங்கி முதலூர் என்று பேர் வைத்தவர்களும் நம் ஆட்கள்தான். பாளையங்கோட்டையில் ஒரு பகுதிக்கே சமாதானபுரம் என்று பேர். பேர் வைப்பதில் நம்மை யாரும் மிஞ்ச முடியாது.

இன்னொன்றும் கேட்கிறேன். சபைத் தேர்தல் வருஷத்தில் மட்டும் பம்பாயில் இருக்கிறவன், துபாயில் இருக்கிறவன் எல்லாம் பட்டியலில் எப்படி உயிர்த்தெழுகிறான்? இரண்டு அணியும் முகத்தைத் திருப்பிக்கொண்டே ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுக்கிறீர்களே, அதற்குக் குறிப்பில் ஒரு கட்டம் உண்டா? ஏழெழுபது தரம் மன்னிக்கச் சொன்னார் கர்த்தர். அதற்கும் யாராவது ரசீதுப் புத்தகம் வைத்திருக்கிறீர்களோ என்னவோ.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் சண்டைக்கு வரவில்லை. எனக்கு 76 வயது. நாளைக்கு அவன் பிள்ளைகள் யாராவது இந்த ஊருக்கு வந்து, "எங்க அப்பா பேரு இருக்கா?" என்று கேட்டால், அந்தப் பக்கத்தைத் திறந்து காட்ட ஒரு வரி வேண்டும். குறிப்புக் கட்டத்தைக் காலியாகவே விட்டுவிடுங்கள். காலியாக இருந்தால் ஏடு ஒன்றும் கெட்டுப்போகாது.

தயவுசெய்து அவன் பெயரைத் திரும்ப எழுதுங்கள். வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கண்ணாடியோடு வருவேன். இரண்டு பேர் சந்தாவும் கவரில் இருக்கிறது. ரசீதை மட்டும் தனித்தனியாகப் போட்டுத் தாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாத்தியார்