மைனஸ் எண்பதைக் காத்தவர்களுக்கு

உதகமண்டலத்தில் எங்கள் ஆய்வகத்துக்குத் தோள் கொடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

மூளை அழற்சியையும், செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவையும் பற்றி எங்கள் பேராசிரியர் அம்மா செய்துவந்த ஆய்வு, இந்த மாதம் அவருடைய பணி நிறைவை ஒட்டி ஒரு கட்டத்துக்கு வந்திருக்கிறது. கட்டுரைகளில் எங்கள் பெயர்கள் இருக்கின்றன, உங்கள் பெயர்கள் இல்லை. அந்தக் கடனுக்கே இந்த மடல்.

உடல் எடையில் நூற்றுக்கு 2 பங்குதான் மூளை. உடல் எடுக்கும் ஆக்சிஜனிலோ ஏறக்குறைய 20 பங்கு அதற்கே போகிறது. அதில் பெரும்பகுதியை மைட்டோகாண்ட்ரியா செலவழிக்கிறது. அது பழுதானால் அதன் டி.என்.ஏ. வெளியே கசியும். மூளையின் காவல் செல்களான மைக்ரோக்ளியா அதைக் கிருமி என்று எடுத்துக்கொண்டு கிளர்ந்தெழும். அவை விடும் நைட்ரிக் ஆக்சைடு மைட்டோகாண்ட்ரியாவின் மூச்சை, அதாவது அது ஆக்சிஜன் எடுப்பதை, மேலும் அடைக்கும். இந்தச் சுழலை அளந்து பார்ப்பதுதான் அம்மாவின் வேலையாக இருந்தது.

முதல் நன்றி எலிக்கூடத்து அண்ணனுக்கு. ஊட்டியின் ஜனவரி இரவில் அறையை 22 டிகிரியிலேயே நிறுத்துவது லேசான காரியமில்லை. குளிர் தாக்கினால் எலி உடம்பைச் சூடாக்கவே ஆற்றலைக் கொட்டும், அளவுகள் எல்லாம் புரளும். 12 மணி நேரம் வெளிச்சம், 12 மணி நேரம் இருட்டு என்ற கணக்கு தவறாமலும், கூண்டை அதிராமல் மாற்றியும் பார்த்துக்கொண்டீர்கள். மிரண்ட எலியின் ரத்தத்தில் கார்டிகோஸ்டிரோன் என்ற பதற்ற ஹார்மோன் ஏறும். அது அழற்சியின் அளவையே மாற்றிக் காட்டும்.

கண்ணாடிச் சாமான் கழுவும் அக்காவுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம் நீளம். மைக்ரோக்ளியாவைக் கிளர்ச்சியூட்ட நாங்கள் பயன்படுத்தும் எண்டோடாக்சின், பாக்டீரியாவின் மேலுறைப் பொருள். பீக்கரில் அது துளி ஒட்டியிருந்தால் போதும், மருந்தே போடாத செல்களும் கிளர்ந்துவிடும். எது மருந்தின் வேலை, எது அழுக்கின் வேலை என்று பிரிக்க முடியாது. அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் பாக்டீரியாவைக் கொல்லும், எண்டோடாக்சினை அழிக்காது. ஹாட் ஏர் ஓவனில் 250 டிகிரியில் 30 நிமிடம் வைக்க வேண்டும். ஓவன் அந்தச் சூட்டைத் தொட்ட பிறகுதான் அக்கா நேரத்தை எண்ணத் தொடங்குவார். ஒப்பிட்டுப் பார்க்க மருந்து போடாமல் வைத்த எங்கள் கன்ட்ரோல் செல்கள் அமைதியாக இருந்ததற்கு இதுதான் காரணம்.

ஆட்டோகிளேவ் மெக்கானிக் ஐயாவையும் பக்கத்துக் கல்லூரி இயற்பியல் ஆசிரியரையும் சேர்த்தே சொல்கிறோம். ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடல்மட்டத்தில் 101 கிலோபாஸ்கல், இங்கே 77-ஐ ஒட்டித்தான். ஆட்டோகிளேவின் அழுத்தமானி (கேஜ்) 15 பி.எஸ்.ஐ. காட்டினால் கீழ்நாட்டில் உள்ளே 121 டிகிரி, இங்கே 117தான். வால்வும் பாத்திரமும் தாங்குமா என்று பார்த்துவிட்டு, 18.5-க்கு ஏற்றித் தந்தவர் மெக்கானிக் ஐயா. மைட்டோகாண்ட்ரியாவின் மூச்சை அளக்கும் ஆக்சிஜன் எலக்ட்ரோடுக்கும் இதே கதைதான். 37 டிகிரி பஃபர் கரைசலில் கடல்மட்டத்தில் கரைந்திருக்கும் ஆக்சிஜனில் முக்கால் பங்குதான் இங்கே கரையும். புத்தக அட்டவணையை அப்படியே போட்டால் மூச்சின் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வரும். ஆசிரியர் தந்த காற்றழுத்தமானியைப் பார்த்து ஒவ்வொரு நாளும் திருத்திக்கொண்டோம்.

மூளையிலிருந்து மைட்டோகாண்ட்ரியாவைப் பிரித்தெடுக்கும் நாளில் எல்லாமே ஐஸ் மேல்தான். கரைசலில் 225 மில்லிமோலார் மானிட்டால், 75 சுக்ரோஸ், கால்சியத்தைப் பிடித்துவைக்கும் இ.ஜி.டி.ஏ. 1, பி.எச். 7.2. இ.ஜி.டி.ஏ. குறைந்தால் கால்சியம் புகுந்து மைட்டோகாண்ட்ரியா ஊதிவிடும். சென்ட்ரிஃபியூஜில் 1,300 ஜி (புவியீர்ப்பைப்போல் 1,300 மடங்கு) விசையில் 3 நிமிடம் சுற்றினால் நியூக்ளியஸ் அடியில் தங்கும். மேல்திரவத்தை 13,000 ஜி விசையில் 10 நிமிடம் சுற்றினால் அடியில் பழுப்பு வில்லை, அதன்மேல் பஞ்சுபோல் வெள்ளைப் படலம். வெள்ளையில் இருப்பது நரம்பு உறையான மையலினும் நரம்பு முனைத் துண்டுகளும், பழுப்புதான் நமக்கு வேண்டிய மைட்டோகாண்ட்ரியா. மைட்டோகாண்ட்ரியா ஆற்றல் ஏற்றும் மூலக்கூறான ஏ.டி.பி. (ADP) இருக்கும்போதுள்ள மூச்சு, அது தீர்ந்த பிறகு உள்ளதைப்போல் ஐந்து மடங்காவது இருக்க வேண்டும். இரண்டு மடங்கில் நின்றால் உறை கிழிந்துவிட்டது, அந்தச் சாம்பிளைக் கொட்டிவிட வேண்டியதுதான். ஐஸ் தீராமல் வாளி வாளியாகக் கொண்டுவந்த தம்பிகளே, அந்த ஐந்து மடங்கில் உங்கள் பங்கு பெரிது.

டிரைவர் அண்ணனுக்கு. உறைந்த கார்பன் டை ஆக்சைடான டிரை ஐஸ் மைனஸ் 78.5 டிகிரி, பெட்டிக்குள்ளேயே 24 மணி நேரத்தில் 2 முதல் 4 கிலோ வரை ஆவியாகிவிடும். பெட்டியை இறுக மூடினால் வெடிக்கும், வேன் கண்ணாடியை மூடினால் கார்பன் டை ஆக்சைடு மூச்சை முட்டும். குன்னூர் பாதையில் மண் சரிந்தால் கோத்தகிரி வழியாக, பனியிலும் கண்ணாடியை இறக்கிவிட்டபடி வந்தீர்கள்.

லைன்மேன் அண்ணன்மாரே, மின்தடைக்கு முன் நீங்கள் செய்த ஒரு போன்தான் எங்கள் மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசரைக் காப்பாற்றியது. உடனே கதவைப் பூட்டி, ஜெனரேட்டருக்கு மாற்றிவிடுவோம். கரண்ட் வந்ததும் கம்ப்ரசரைப் போட்டுவிடக் கூடாது, ஐந்து நிமிடம் பொறுக்க வேண்டும். உள்ளே அழுத்தம் சமமாவதற்குள் ஓடவிட்டால் மோட்டார் திணறிக் கருகிவிடும். மழைக் காலத்தில் அதே எண்ணுக்கே கூப்பிடுங்கள். அடுத்த ஆண்டும் அந்த ஃப்ரீசர் அங்கேயேதான் இருக்கும்.

நெஞ்சார்ந்த நன்றியுடன்,
ஆய்வக மாணவர்கள்,
உதகமண்டலம்