தொப்பையை பெல்ட் கரைக்காது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இடுப்பில் பெல்ட் கட்டி வியர்க்க வியர்க்க நடந்தால் தொப்பை கரையும் என்று தங்கள் இதழின் நலவாழ்வுப் பகுதியில் வந்திருந்தது. சேலத்துச் சித்திரை வெயிலில் இதை நம்பிச் செய்பவர்களுக்கு மயக்கம்தான் மிஞ்சும். வியர்வையில் போவது நீரும் உப்பும். தண்ணீர் குடித்ததும் எடை திரும்பிவிடும்.

கொழுப்பைக் கரைக்கச் சொல்வது மூளை. மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலாமஸ் என்ற பகுதியின் கட்டளை, உடலை அவசரத்துக்குத் தயார்படுத்தும் பரிவு நரம்புகள் வழியே கொழுப்புத் திசு வரைக்கும் போகிறது. அந்த நரம்புகளின் முனையில் சுரக்கும் நார்அட்ரீனலின் என்ற வேதிப்பொருள், கொழுப்பு செல்லின் மேலிருந்து சேதி வாங்கும் பீட்டா ஏற்பிகளில் பொருந்தியதும், சேதியை உள்ளே கடத்தும் சைக்ளிக் ஏஎம்பி என்ற மூலக்கூறு கூடுகிறது. கொழுப்புத் துளியைப் போர்த்திக் காக்கும் பெரிலிப்பின் என்ற புரதம் அப்போது வழிவிடுகிறது. மூன்று நொதிகள் அடுத்தடுத்து வேலை செய்து, சேமித்த கொழுப்பின் மூலக்கூறான ஒரு டிரைகிளிசரைடை மூன்று கொழுப்பு அமிலமாகவும் ஒரு கிளிசராலாகவும் பிரிக்கின்றன. அதே செல்லில் இதைத் தடுக்கும் ஆல்ஃபா-2 ஏற்பிகளும் உண்டு. பெண்களுக்கு இடுப்பிலும் தொடையிலும் இவற்றின் கை ஓங்கியிருப்பதால் அங்கே கொழுப்பு மெதுவாகத்தான் இறங்கும். அவர்களிடம் போய் "முயற்சி போதவில்லை" என்பது அநியாயம்.

இன்சுலினும் தடுக்கும், சைக்ளிக் ஏஎம்பியைச் சிதைக்கும் நொதியை அது முடுக்கிவிடுகிறது. நடை முடிந்த கையோடு சர்க்கரை டீயும் தட்டுவடை செட்டும் உள்ளே போனால் இன்சுலின் ஏறி, கரைதல் அப்போதைக்கு அடங்கும். ஆனால் எடையைத் தீர்மானிப்பது அந்த ஒரு வேளை அல்ல, பல நாள் வரவு செலவு.

பலரும் தவறவிடும் இடம் இது: கரைவது வேறு, எரிவது வேறு. கோபத்திலும் பயத்திலும்கூட கொழுப்பு அமிலம் ரத்தத்துக்கு வருகிறது. தசை அதை எரிக்காவிட்டால் பெரும்பகுதி மறுபடி கொழுப்பாகவே சேமிக்கப்படும். எரிந்தால், 10 கிலோ கொழுப்பில் ஏறக்குறைய 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் போகும், மீதி 1.6 கிலோ நீராகும். ஏற்காட்டுக் குளிரில் நின்றால் வெப்பம் உண்டாக்கும் பழுப்புக் கொழுப்பு சற்று வேலை செய்யும் என்பது உண்மைதான். ஆனால் பெரியவர்களிடம் அது மிகக் கொஞ்சமே. அதே குளிரில் மேட்டில் ஏறி நடப்பதே மேல்.

மிகவும் கவலை தருவது, பீட்டா ஏற்பிகளைத் தூண்டிக் கொழுப்பைக் கரைக்கும் என்று ஜிம்களில் கைமாறும் கிளென்பியூட்டரால் போன்ற மாத்திரைகள். பீட்டா ஏற்பிகள் கொழுப்பில் மட்டும் இல்லை, இதயத்திலும் இருக்கின்றன. படபடப்பு, கை நடுக்கம், ரத்தத்தில் பொட்டாசியம் இறங்குதல், இதயத் துடிப்பு தாறுமாறாவது என்று ஆபத்து வளரும். எடை குறைக்க இதை யாரும் தொட வேண்டாம்.

மறுபுறம், இதய நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் தரப்படும், பீட்டா ஏற்பிகளைத் தடுக்கும் புரோப்ரனலால் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்கள் "இதனால்தான் எடை குறையவில்லை" என்று தாங்களாகவே நிறுத்திவிடக் கூடாது. இதய நோய் உள்ளவர்கள் திடீரென்று நிறுத்தினால் நெஞ்சுவலி, மாரடைப்பு வரை போகலாம். மாற்றுவதானால் மருத்துவரிடம் கேட்டு, அளவைப் படிப்படியாகக் குறைத்துத்தான் மாற்ற வேண்டும். பெல்ட் பற்றிய குறிப்புக்கு அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உடலியல் ஆசிரியர் ஒருவர்,
அஸ்தம்பட்டி, சேலம்.